ஓட்டிசம் என்ற பெயரும் அதற்குள் மறைந்துபோகும் நோய்களும்

2018ஆம் ஆண்டு இரண்டாந் தவணையில் ஒரு நாள், இடைவேளை மணி அடித்த கையோடு, மூன்றாம் தர வகுப்பாசிரியை என் மகனின் தமிழ்க் கொப்பியை எடுத்துக்கொண்டு என் வகுப்பறைக்கு வந்தார். திருகோணமலை நகரத்தில் உள்ள அதே பாடசாலையின் ஆரம்பப் பிரிவில்தான் நானும் கற்பிக்கிறேன். அவன் எழுதிய வரிகள் ஒழுங்காகத் தொடங்கியிருந்தன. நடுவில் பென்சில் எழுத்தை விட்டு வழுக்கி, ஒரு விரலளவு கீழே இறங்கி நின்று, பிறகு அதே சொல்லிலிருந்து மீண்டும் தொடர்ந்திருந்தது. ஒரே பக்கத்தில் அப்படி நான்கு இடங்கள். "தம்பி எழுதிக்கொண்டு இருக்கேக்குள்ளயே தன்ர உலகத்துக்குப் போயிடுறான், ரீச்சர். கூப்பிட்டாலும் கேக்காது. ஓட்டிசம் பிள்ளையள் அப்படித்தானே" என்று அவர் அன்போடுதான் சொன்னார். நானும் தலையை அசைத்தேன். ஏழெட்டு மாதங்களாக வீட்டில் அதையே பார்த்து, அதையே மாமிக்கும் அயலவர்களுக்கும் விளக்கமாகச் சொல்லிவந்தவள் நான்.

அந்தக் கோடுகள் ஒவ்வொன்றும் ஒரு வலிப்பு என்று நாங்கள் அறிந்தது அதற்கு ஐந்து மாதங்களுக்குப் பிறகு. ஒரு தாயும், பதினைந்து வருடம் அனுபவமுள்ள ஓர் ஆசிரியையும், பிள்ளையை உண்மையாக விரும்பிய இன்னோர் ஆசிரியையும் ஒரே கொப்பியைப் பார்த்து ஒரே தவறைச் செய்தோம். பேச்சும் பிறரோடு பழகும் விதமும் மற்றப் பிள்ளைகளிலிருந்து வேறாக வளரும் நிலையான ஓட்டிசம் என்ற பெயர் கிடைத்த பிறகு பிள்ளையின் உடலில் நடப்பவை எல்லாவற்றுக்கும் அந்தப் பெயரே காரணமாகிவிடுகிறது. அதனால் மருந்துண்டு குணமாகக்கூடிய நோய்கள்கூடக் கண்ணுக்கு முன்னால் இருந்தும் தெரியாமல் போகின்றன. எங்கள் வீட்டில் அது ஒரு தடவை நடந்திருந்தால் விபத்து என்று விட்டிருப்பேன். நான்கு தடவைகள் நடந்தபடியால் எழுதுகிறேன்.

என் மகன் 2010இல் பிறந்தான். இரண்டு வயது தாண்டியும் "அம்மா" என்று அழைக்கவில்லை. விரலை நீட்டிக் காட்டவில்லை. வேண்டியதை எடுக்க என் கையைப் பிடித்து ஒரு கருவியைப் போலக் கொண்டுபோவான். "ஆம்பிளைப் பிள்ளையள் பிந்தித்தான் கதைக்கும்" என்று அம்மம்மா சொன்னார், நாங்கள் காத்திருந்தோம். எங்கள் பகுதி மருத்துவிச்சி கிளினிக் கொப்பியில் இருந்த வளர்ச்சிப் படிகளை ஒவ்வொன்றாக வாசித்துக் கேட்டு, "மிஸ், இதை இனிப் பாத்துக்கொண்டு இருக்கேலாது" என்று கடிதம் எழுதித் தந்திராவிட்டால் இன்னும் ஒரு வருடம் போயிருக்கும். முதலில் செவிப்புலனைப் பரிசோதித்தார்கள். காது சரியாகக் கேட்கிறதென்று உறுதிசெய்யாமல், கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையை ஓட்டிசம் என்று முடிவுசெய்யக்கூடாது என்பதை அன்றுதான் அறிந்தேன். மூன்றரை வயதில் பெயர் கிடைத்தது. அழுதேன், பிறகு ஆறுதலும் அடைந்தேன். அந்த ஆறுதலே எங்கள் கண்களைப் பின்னாளில் மூடிவிட்டது.

பெயர் கிடைத்ததும் எனக்கு எழுந்த முதற் கேள்வி, இப்படி எத்தனை பிள்ளைகள் இருப்பார்கள் என்பதுதான். சிறுவர் மனநல வைத்தியர் லியோ கானர் 1943இல் பதினொரு பிள்ளைகளைப் பற்றி எழுதியபோது இது மிக அரிதான ஒன்றாகக் கருதப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் சில வருடங்களாக நூறு பிள்ளைகளில் ஒருவர் என்ற அளவைச் சொல்லிவந்தது. 2021ஆம் ஆண்டுக்கான அதன் மதிப்பீடு, எல்லா வயதினரையும் சேர்த்து 127 பேரில் ஒருவர். எங்கள் நாட்டில் 2009இல் வெளியான ஓர் ஆய்வு, ஓர் அரைநகரப் பகுதியில் 18 முதல் 24 மாத வயதுக் குழந்தைகளைப் பரிசோதித்து 93 பேரில் ஒருவருக்கு இருப்பதாகக் கண்டது. அமெரிக்காவில் எட்டு வயதுப் பிள்ளைகளை மட்டும் குறித்த சில இடங்களில் எண்ணிவருகிறார்கள்: 2000ஆம் ஆண்டில் 150 பேரில் ஒருவர், 2020இல் 36 பேரில் ஒருவர், 2022இல் 31 பேரில் ஒருவர். இந்த இலக்கங்களைக் கேட்டதும் "கூடிக்கொண்டு போகுது, என்ன சாப்பாட்டில எண்டு தெரியேல்லை" என்று பதறுவோர் பலர். ஆனால் அதே 2022ஆம் ஆண்டுக் கணக்கில் டெக்சாஸ் மாநிலத்தின் ஓர் இடத்தில் ஆயிரத்துக்குப் பத்துக்கும் குறைவாகவும், கலிபோர்னியாவின் ஓர் இடத்தில் ஆயிரத்துக்கு 53 ஆகவும் இருந்தது. ஒரே நாட்டில், ஒரே வருடத்தில் ஐந்து மடங்கு வித்தியாசம் வருவதற்குப் பெரிய காரணம், தேடும் முறையும் பரிசோதிக்கும் வசதியும் இடத்துக்கு இடம் வேறுபடுவதுதான். ஓட்டிசத்தின் வரைவிலக்கணமும் காலத்தோடு விரிந்திருக்கிறது. முன்பு வேறு பெயர்களால் அழைக்கப்பட்ட பிள்ளைகள் பலர் இன்று இந்தப் பெயருக்குள் வருகிறார்கள்.

ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியவை என்று நான் கருதும் ஆய்வுகள் வேறு இரண்டு. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ்சயர் பகுதிப் பாடசாலைகளில் ஐந்து முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளிடையே நடந்து 2009இல் வெளியான ஆய்வு, ஏற்கனவே அறியப்பட்ட ஒவ்வொரு மூன்று பிள்ளைகளுக்கும் அறியப்படாத இரண்டு பிள்ளைகள் இருப்பதாக மதிப்பிட்டது. தென்கொரியாவின் கோயாங் நகரில் ஏழு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளை எண்ணி 2011இல் வெளியான ஆய்வில் நூற்றுக்கு 2.64 என்ற அளவு வந்தது. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சாதாரண வகுப்புகளில், ஒரு பெயரும் இல்லாமல், ஓர் உதவியும் இல்லாமல் இருந்தார்கள்.

எங்கள் ஆரம்பப் பிரிவில் அப்போது ஏறத்தாழ 600 பிள்ளைகள். நூற்றுக்கு ஒன்று என்று வைத்தாலே ஆறு பேர் இருக்கவேண்டும். அதிபரின் பதிவில் இருந்தவர்கள் இருவர். ஒருவன் என் மகன். மீதி நால்வர் எங்கே என்று நானும் சக ஆசிரியை ஒருவரும் ஒரு தவணை முழுவதும் யோசித்தோம். "குழப்படி" என்று பின்வாங்கில் இருத்தப்பட்டவர்களிலும், "மந்தம்" என்று விடப்பட்டவர்களிலும், "வீட்டில செல்லம்" என்று சொல்லப்பட்டவர்களிலும் அவர்கள் இருந்திருக்கலாம். பெண்பிள்ளைகள் இன்னும் எளிதாகத் தப்பிவிடுகிறார்கள். கணக்குகளில் ஆண்பிள்ளைகள் மூன்று நான்கு மடங்கு அதிகமாகத் தெரிவதற்கு, பெண்பிள்ளைகள் மற்றவர்களைப் பார்த்துப் பார்த்து அதேபோல நடந்து தங்களை மறைத்துக்கொள்வதும் ஒரு காரணம். பெயர் வைப்பது ஆசிரியரின் வேலையல்ல. ஆனால் நாளுக்கு ஆறு மணிநேரம் பிள்ளையைப் பார்ப்பவர் நாங்கள்தான் என்பதையும் மறக்கக்கூடாது.

இனி அந்த நான்கு தடவைகளைச் சொல்கிறேன். முதலாவது, வலிப்புக்கும் இரண்டு வருடம் முந்தியது.

2016இல் அவன் முதலாந் தரத்துக்கு வந்தான். முதல் மாதம் அமைதியாக இருந்தவன், பிறகு இடைவேளை முடிந்து வகுப்புக்குத் திரும்பியதும் கத்தத் தொடங்கினான். மேசையின் விளிம்பில் வயிற்றை வைத்து அழுத்துவான். இருக்கச் சொன்னால் எழுந்து நுனிக்காலில் நடப்பான். சத்தம் அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவுசெய்து காதுக்கு மறைப்பு வாங்கினோம், இருக்கையை மாற்றினோம், படங்களால் நேர அட்டவணை செய்தோம். ஒன்றும் உதவவில்லை. ஏப்ரல் விடுமுறையில் உள்ளாடையில் அடிக்கடி நீர்த்தன்மையான மலம் படிந்திருக்கக் கண்டு, வயிற்றோட்டம் என்று நினைத்து, மாதுளந்தோல் அவித்த தண்ணீரும் கடுஞ்சாயத் தேநீரும் கொடுத்தேன். நிலைமை மோசமானது. சிறுவர் வைத்திய நிபுணர் அவனைக் கட்டிலில் கிடத்தி அடிவயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு என் கையை எடுத்து அதே இடத்தில் வைத்தார். கல்லைப் போல ஒரு திரட்சி. வாரக்கணக்கில் அடைத்து இறுகிய மலமும், அதன் ஓரத்தால் கசிந்துவந்த நீருமே நான் வயிற்றோட்டம் என்று நினைத்தது. மலச்சிக்கலுக்கு நான் மேலும் கட்டும் மருந்தைக் கொடுத்திருக்கிறேன். அந்த நாளை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு கனக்கும்.

ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு மலச்சிக்கல், வயிற்றுவலி, வயிற்றோட்டம் போன்ற வயிற்றுக் கோளாறுகள் மற்றப் பிள்ளைகளைவிட நான்கு மடங்குக்கு மேல் அதிகமாகக் காணப்படுவதாகப் பல ஆய்வுகளைச் சேர்த்து 2014இல் வெளியான மதிப்பீடு சொல்கிறது. காரணங்கள் பலவாக இருக்கலாம். என் மகனுக்கு இருந்தவை சாதாரணமானவை: அவன் நாரில்லாத நாலைந்து வெள்ளை உணவுகளை மட்டுமே சாப்பிட்டான், பாடசாலைக் கழிப்பறைக்கு ஒரு நாளும் போகவில்லை. அந்தக் கழிப்பறை இருட்டானது, மணமானது, வாளியில் தண்ணீர் விழும் சத்தம் சுவரில் மோதி எதிரொலிப்பது. காலையில் வீட்டிலிருந்து புறப்பட்டு இரண்டு மணிக்குத் திரும்பும்வரை அவன் அடக்கிக்கொண்டே இருந்தான். "வயிறு நோகுது" என்று சொல்ல அவனிடம் சொல் இல்லை. மேசை விளிம்புதான் அவனுடைய சொல்.

மலத்தை இளக்கும் பாணி மருந்தை வைத்தியர் சில நாட்களுக்கு அல்ல, பல மாதங்களுக்குக் கொடுக்கச் சொன்னார். சரியாகிவிட்டதென்று நாங்களாக நிறுத்தியபோது ஒரு முறை திரும்பவும் அடைத்தது. ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் பிறகு, குடல் தானாக அசையும் அந்த நேரத்தில், பத்து நிமிடம் இருத்தினோம். கதிரைக் கழிப்பறையில் கால் தொங்காமல் ஒரு சிறிய பலகையை வைத்தோம். பாடசாலையில் அதிபரிடம் பேசி, இடைவேளைக்குப் பத்து நிமிடம் முன்னதாக, ஒருவரும் இல்லாத வேளையில் அவனைக் கழிப்பறைக்கு அனுப்ப ஒழுங்கு செய்தோம். மின்குமிழ் ஒன்றை நாங்களே வாங்கிப் போட்டோம். ஆறாவது கிழமையில் கத்தல் நின்றது. இருக்கை மாற்றமும் நேர அட்டவணையும் மூன்று மாதம் செய்யாததை ஒரு போத்தல் பாணி மருந்தும் ஒரு மின்குமிழும் செய்தன.

இரண்டாவது, அந்த வலிப்பு. இதைப் படித்த பிறகும் 2018இல் நான் ஏமாந்தேன் என்பதே எனக்கு வியப்பு. வெட்டி இழுத்து நுரை தள்ளுவதுதான் வலிப்பு என்று நினைத்திருந்தேன். சில வலிப்புகளில் பிள்ளை விழுவதில்லை, உடல் உதறுவதுமில்லை. செய்துகொண்டிருந்ததை நிறுத்தி ஐந்து பத்து செக்கன்கள் வெறித்துப் பார்க்கும், இமை இலேசாகப் படபடக்கும், சில பிள்ளைகள் வாயைச் சப்புவார்கள், பிறகு ஒன்றும் நடக்காததுபோல் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். பராக்குப் பார்க்கும் பிள்ளையையும் இதையும் வேறுபடுத்த எளிய வழி ஒன்றுண்டு. தோளைத் தொட்டு, கண்ணுக்கு முன்னால் அவனுக்குப் பிடித்த பொருளை நீட்டினால் பராக்கு கலையும், வலிப்பு கலையாது. பேசிக்கொண்டிருக்கும் சொல்லின் நடுவிலோ, சாப்பாட்டு வாய் பாதியில் நிற்கும்போதோ வந்தால் இன்னும் சந்தேகப்பட வேண்டும்.

எங்களுக்குக் கண்ணைத் திறந்தது என் கணவர். உட்துறைமுக வீதியோரம் சைக்கிள் ஓடப் பழக்கும்போது, அவன் மிதிப்பதை நிறுத்தி, கையை விட்டு, விழும்வரை நேரே பார்த்துக்கொண்டிருந்தானாம். சைக்கிள் அவனுக்கு உயிர். அதிலிருந்து மனம் விலகிப் போகிறவன் அல்ல. அன்றிலிருந்து இரண்டு கிழமை, கைத்தொலைபேசியில் காணொளி எடுக்கத் தொடங்கினோம். ஆறு காணொளிகளில் வலிப்பு தெளிவாக விழுந்திருந்தது. முன்னர் நாங்கள் வாயால் விவரித்தபோது "ஓட்டிசத்தோட வாறதுதான்" என்று ஒரு வைத்தியர் அனுப்பிவிட்டிருந்தார். காணொளியைப் பார்த்த இன்னொருவர் ஒரு காகிதக் காற்றாடியை எடுத்து அவன் கையில் கொடுத்து, நிறுத்தாமல் ஊதச் சொன்னார். இரண்டு நிமிடம் ஆகுமுன் அவன் ஊதுவதை நிறுத்தி வெறித்துப் பார்த்தான். வேகமாக மூச்சுவிடுவது இந்த வகை வலிப்பைத் தூண்டும் என்று அவர் விளக்கினார்.

மூளை மின்னலைப் பரிசோதனைக்குக் கொழும்புக்கு எழுதினார்கள். முதல்நாள் இரவு பிள்ளையைக் குறைவாகத் தூங்கவிட வேண்டும் என்றபடியால் இரவு ரயில் எங்களுக்கு உதவியது. தலையில் பசை பூசி வயர்களை ஒட்டுவார்கள்; தலைமயிரைத் தொட்டாலே அலறுபவனுக்கு அது நடக்காத காரியம். ஆகவே பத்து நாட்கள் முன்னதாகவே வீட்டில் ஒத்திகை பார்த்தோம். முதலில் தலையில் ஒரு துணி, பிறகு நீச்சல் தொப்பி, பிறகு ஒரு புள்ளி கற்றாழைக் களி, பிறகு பத்துப் புள்ளிகள். ஒவ்வொரு தடவையும் முடிந்ததும் சைக்கிள். பரிசோதனை அறையில் அவன் நாற்பது நிமிடம் கிடந்தான். பக்கத்தில் நின்ற பெண் ஊழியர் இப்படி ஒத்துழைக்கும் பிள்ளையைக் கண்டதில்லை என்றார். மருந்து தொடங்கி ஒன்றரை மாதத்தில் கொப்பியில் வழுக்கிய கோடுகள் இல்லாமல் போயின. அவனுடைய ஓட்டிசம் அப்படியேதான் இருந்தது. ஆனால் வகுப்பில் சொல்வது துண்டுதுண்டாக அறுபடாமல் அவனுக்குக் கேட்கத் தொடங்கியது.

பொதுமக்களில் வலிப்பு நோய் உள்ளோர் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. ஓட்டிசத்தோடு அறிவுத்திறன் குறைபாடும் சேர்ந்திருப்பவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கும், அந்தக் குறைபாடு இல்லாதவர்களில் பன்னிரண்டு பேரில் ஒருவருக்கும் அது வருகிறது. தொடங்கும் வயதும் பெரும்பாலும் இரண்டு காலங்களில்: சிறு பிள்ளைப் பருவத்தில் ஒன்று, பூப்பெய்தும் பருவத்தில் இன்னொன்று. ஆகவே பத்து வயதுவரை வரவில்லை என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது.

மூன்றாவது, இரும்புச்சத்து. அவன் சோக்கட்டியைக் கடிப்பான். டச்பே கடற்கரைக்குப் போனால் மணலை வாயில் போடுவான். இதையும் ஓட்டிசத்தின் கணக்கில் எழுதினோம். வலிப்புக்காக எடுத்த இரத்தப் பரிசோதனையில்தான் இரும்புச்சத்து மிகக் குறைவாக இருப்பது தெரியவந்தது. உணவல்லாதவற்றைத் தின்னும் பிள்ளைக்கு இரும்புச்சத்தையும், முடிந்தால் ஈயத்தையும் பரிசோதிக்க வேண்டும். அவன் சாப்பிட்டவை வெள்ளை மாப்புட்டு, இடியப்பம், சோறு, மாரி பிஸ்கற், பால். பசித்தால் சாப்பிடுவான் என்ற அறிவுரை இப்படிப்பட்ட பிள்ளைகளிடம் செல்லாது. அவர்கள் உண்மையாகவே பட்டினி கிடப்பார்கள். மருந்தோடு, நாங்கள் உணவை மிக மெதுவாக மாற்றினோம். வெள்ளை மாவில் ஒரு தேக்கரண்டி குரக்கன் மா, இரண்டு கிழமைக்குப் பிறகு இரண்டு தேக்கரண்டி. அரைவாசிக்கு அரைவாசி வர ஏழு மாதம் எடுத்தது. சூடை மீன் தட்டின் ஓரத்தில் தொடாமலே எத்தனையோ நாள் கிடந்தது. ஒருநாள் தானாக எடுத்து மணந்தான், அடுத்த மாதம் கடித்தான். சாப்பாட்டோடு தேநீர் குடிக்கும் பழக்கத்தை வீட்டில் எல்லோரும் விட்டோம், தேநீர் இரும்பை உடல் உறிஞ்சுவதைக் குறைக்கும் என்பதால்.

நான்காவது மிகச் சிறியது, சொல்லவே வெட்கமாக இருக்கிறது. பத்து வயதில் மூன்று கிழமை வலது கன்னத்தில் தானே குத்திக்கொண்டான். மனநல மருந்து தொடங்குவதைப் பற்றிக்கூடப் பேச்சு வந்தது. கடைவாய்ப் பல் ஒன்று வேர்வரை சூத்தைப்பட்டிருந்தது.

இந்த நான்கிலும் பொதுவாக ஒன்று உண்டு. நடத்தை ஒரு கிழமைக்குள், அல்லது ஒரு மாதத்துக்குள், முன்பு இல்லாதபடி மாறியது. ஓட்டிசம் கூடவே பிறந்தது. அது திடீரென்று ஒரு செவ்வாய்க்கிழமை கூடுவதில்லை. அப்படி மாறினால் முதலில் உடலைத் தேடவேண்டும்: வயிறு, பல், காது, தொண்டை, சிறுநீர், பெண்பிள்ளையாக இருந்தால் மாதவிடாய் வலி, புதிதாகத் தொடங்கிய மருந்து. அதன் பிறகே வகுப்பறையையும் வீட்டையும் தேடவேண்டும்.

தூக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். ஓட்டிசம் உள்ள பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டோருக்குத் தூக்கக் கோளாறு இருக்கிறது. சில கணக்குகளில் பத்தில் எட்டுப் பேருக்கு. எங்கள் வீட்டில் இரவு இரண்டு மணிவரை விளக்கெரிந்த வருடங்கள் உண்டு. இரும்புச்சத்துக் குறைவு கால்களை ஓயவிடாமல் தூக்கத்தைக் கெடுக்கும் என்பதையும், தூக்கம் கெட்டால் வலிப்பு கூடும் என்பதையும் பிறகு அறிந்தோம். ஒன்றைச் சரிசெய்ய மற்றதும் சற்று இளகியது. 2022ஆம் ஆண்டின் மின்வெட்டுக் காலத்தில், மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணிநேரம்வரை மின்சாரம் இல்லாதபோது, மின்விசிறியின் இரைச்சல் நின்ற கணத்திலேயே அவன் எழுந்துவிடுவான். அவனைத் தூங்கவைத்தது காற்றல்ல, அந்தச் சத்தம் என்று அப்போதுதான் விளங்கியது. மின்கலத்தில் இயங்கும் சிறிய வானொலியில் அதேபோன்ற இரைச்சலைப் பதிந்து போட்டு அந்தக் காலத்தைக் கடந்தோம்.

அதே வருடம் மருந்துத் தட்டுப்பாடும் வந்தது. வலிப்பு மருந்துக்காக என் கணவர் நகரத்து மருந்துக் கடைகள் எல்லாவற்றுக்கும் ஏறி இறங்கினார். பெற்றோல் வரிசையில் நின்று கிடைத்த எண்ணெயில் கிண்ணியாவரை போனார். ஒன்பது நாள் மருந்து இல்லை. பத்தாம் நாள் காலை, பன்னிரண்டு வயதில், அவனுக்கு முதன்முதலாகப் பெரிய வலிப்பு வந்தது. பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து இரும்புத் திறப்பைக் கையில் திணிக்கப் பார்த்தார். நான் அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்குக் கீழே சேலையை மடித்து வைத்து, மணிக்கூட்டைப் பார்த்தேன். வாயில் எதையும் வைக்கக்கூடாது, கையைக் காலை அழுத்திப் பிடிக்கக்கூடாது, ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் வைத்தியசாலைக்கு உடனே கொண்டுபோகவேண்டும். மூன்று நிமிடத்தில் அடங்கியது. முதன்முதலாக வந்தபடியால் அப்போதும் கொண்டுபோனோம். வலிப்பு மருந்து திடீரென்று நிற்கவே கூடாத மருந்து. அன்றிலிருந்து ஒரு மாதத்துக்குரியதைக் கையிருப்பாக வைத்து, பழையதை முதலில் கொடுத்து, கடைசிப் பத்து நாள் தொடங்குமுன் கிளினிக்குக்குப் போய்விடுகிறோம்.

மனம் சார்ந்தவையும் உடன்வரும். பிரித்தானியாவில் 10 முதல் 14 வயதுவரையான 112 பிள்ளைகளை ஆராய்ந்து 2008இல் வெளியான கணக்கில், நூற்றுக்கு எழுபது பேருக்கு ஓட்டிசத்தோடு குறைந்தது ஓர் உளநலக் கோளாறாவது இருந்தது; பதற்றமும் கவனக்குறைபாடும் அவற்றில் முக்கியமானவை. 2013ஆம் ஆண்டுவரை அமெரிக்க உளமருத்துவ வகைப்பாட்டில் ஓட்டிசத்தையும் கவனக்குறைபாட்டையும் ஒருவருக்குச் சேர்த்துச் சொல்லவே முடியாதிருந்தது. இதில் எங்கள் அனுபவம் குறைவு. என் மகனுக்குப் பரீட்சை மண்டபப் பயம் மட்டுமே, அதுவும் நேரத்தோடு தணிந்தது.

தடுப்பூசியால் ஓட்டிசம் வருமா என்றும் கேட்கிறார்கள். என் மகளுக்குச் சின்னமுத்து ஊசி போடும் வயது வந்தபோது உறவினர்கள் வேண்டாம் என்றார்கள். 1998இல் பன்னிரண்டே பிள்ளைகளை வைத்து எழுதப்பட்டு, 2010இல் அதை வெளியிட்ட மருத்துவ சஞ்சிகையே மீளப்பெற்ற ஒரு கட்டுரையிலிருந்து கிளம்பிய பயம் அது. டென்மார்க்கில் 6,57,461 பிள்ளைகளைப் பின்தொடர்ந்து 2019இல் வெளியான ஆய்வு ஒரு தொடர்பையும் காணவில்லை. மகளுக்கு உரிய நாளில் போட்டோம்.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் நான் செய்துகாட்டக்கூடியது ஒரு நாற்பது பக்கக் கொப்பி. ஒரு நாளுக்கு ஒரு வரி: மலம் போனதா, எத்தனை மணிநேரம் தூங்கினான், என்ன சாப்பிட்டான், வெறித்த பார்வை எத்தனை தடவை, மருந்து கொடுத்ததா. பாடசாலையில் நடப்பதை வகுப்பாசிரியர் பென்சிலால் எழுதுவார். கிளினிக்கில் எங்களுக்குக் கிடைப்பது ஐந்து நிமிடம். "கொஞ்ச நாளா ஒரு மாதிரி" என்று சொல்வதற்கும், மூன்று கிழமை வரிகளை நீட்டிக் காட்டுவதற்கும் கிடைக்கும் கவனம் ஒன்றல்ல. பாடசாலை மருத்துவப் பரிசோதனை நாளையும் விட்டுவிடக்கூடாது. பல்லையும் கண்ணையும் காதையும் பார்க்கும் அந்த ஒரு நாளில்தான் எங்கள் பிள்ளைகள் பயந்து ஓடி, "வரவில்லை" என்று பதியப்படுகிறார்கள். முதல் ஆளாகக் கூப்பிடும்படி கேட்டுக்கொண்டு, முந்திய கிழமையே வாயைத் திறந்து காட்டவும் காதுக்குள் வெளிச்சம் பிடிக்கவும் ஒரு சிறு டோர்ச்சால் பழக்கினால் போதும்.

போன மாதம் தம்பலகாமத்திலிருந்து ஓர் அம்மம்மா இரண்டாந் தரப் பேத்தியைக் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். தாய் வெளிநாட்டில் வேலை. பிள்ளைக்கு மூன்று வயதிலேயே ஓட்டிசம் என்று எழுதியிருக்கிறார்கள். தை மாதம்வரை படம் கீறிக்கொண்டிருந்தவள், இப்போது மத்தியானத்துக்குப் பிறகு தரையில் குப்புறக் கிடந்து எழும்பமாட்டேன் என்கிறாளாம். "வருத்தம் கூடிப்போச்சு போல, மிஸ். கோணேசருக்கு நேர்த்தி வச்சிருக்கிறன்" என்றார். நேர்த்தியை நிறைவேற்றுங்கள் அம்மா என்று சொல்லிவிட்டு, பிள்ளைக்குக் கடைசியாக எப்போது வயிற்றால் போனது என்று கேட்டேன். அவர் என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். இந்தக் கேள்வியை அதுவரை யாரும் அவரிடம் கேட்டிருக்கவில்லை. பிறகு விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். ஐந்தாவது விரலில் நிறுத்தாமல் அடுத்த கைக்குப் போனார். நான் புதிய கொப்பி ஒன்றை எடுத்து, முதல் வரியை அவர் சொல்லச் சொல்ல எழுதி, மறுநாள் காலை கிளினிக்குக்குக் கொண்டுபோகும்படி கொடுத்தேன்.